நேர்கோடு போட்ட ரோஜாக்கள்

என் மருமகனுக்குப் பட்டறையில் வைத்த பேர் நேர்கோடு. இருபத்தாறு வருஷம் இரும்பைப் பற்றவைத்தவர். இரண்டு தகடுகளைச் சேர்த்து அவர் ஒரு கோடு இழுத்தால் அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை என்பார்கள். அந்த மனிதர் ஐம்பத்தொரு வயதில் கேக்கின் மேல் பட்டர்கிரீமில் பூப்போடக் கற்றுக்கொண்டார். அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் காதிலும் விழட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். எதையும் மெருகு போட்டு மாற்றாதே என்று அவளுக்கு உத்தரவு.

இருமலில் ஆரம்பித்தது. முதலில் வேலைவிட்டு வந்ததும் இருமினார், பிறகு சாப்பிடும்போது, பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போதும். நுரையீரலில் புகை படிந்துவிட்டது, இனி பற்றவைக்கிற பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை அந்த எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, யாரோ செய்த மோசமான வேலையைப் பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்தார். 

ஒரு வாரம் கழித்து சம்மட்டி வீட்டுக்கு வந்தான். அவனும் பட்டறை ஆள்தான், மாப்பிள்ளையின் சிநேகிதன். கையும் பெரிசு, வாயும் பெரிசு, அதனால் அந்தப் பேர். பட்டறை வாசல் கேட்டில் உட்கார்ந்து வண்டி வந்தால் திறந்து மூடும் வேலையைத் தருவதாக மேஸ்திரி சொல்லியனுப்பியிருந்தார்.

"நாற்காலி போட்டுக் குடுப்பாங்கடா. தலைக்கு மேல ஃபேன். உட்கார்ந்த இடத்துல சம்பளம். வேற என்ன வேணும் உனக்கு?"

"நான் தொழில் கத்துக்குடுத்தவனுங்களுக்கு நான் கதவு திறந்து விடணுமா?"

"திறந்தா கை தேஞ்சிடுமா?"

"கை தேயாது. வேற ஒண்ணு தேயும்."

சம்மட்டி என்னைப் பார்த்தான். "அம்மா, நீங்களாவது சொல்லுங்க. மேஸ்திரி மூணு மாசத்துல ரிட்டயர் ஆகிறாரு. அவரு இருக்கிற வரைக்கும்தான் அந்த நாற்காலி இவனுக்கு."

"மூணு மாசம் இருக்குல்ல? அப்புறம் என்ன அவசரம்? டீயைக் குடி" என்றேன்.

என் மகள் ஒரு பேக்கரியில் கவுன்ட்டரில் நிற்கிறாள். ஒருநாள் அவள் மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்கப் போன மாப்பிள்ளை, ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார். வந்ததும் என் எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

"அத்தை, அங்க உள்ள கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு சின்னப் பொண்ணு கேக்கைச் சுத்திக் கோடு போடுறா. ஒரே வேகம், ஒரே அகலம். கையைப் பார்த்துக்கிட்டே நின்னுட்டேன். அது நம்ம வேலைதான் அத்தை. நெருப்பு மட்டும்தான் இல்ல."

"புகை?"

"புகையும் இல்ல."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் இரண்டு நாள் மனசு ஒப்பவில்லை. ரயில் பெட்டிக்கு அடித்தட்டு பற்றவைத்த கை, பிறந்தநாள் கேக்குக்குப் பூப்போடுவதா என்று நினைத்தேன். மூன்றாம் நாள், தட்டில் மிச்சமிருந்த தயிரை விரலால் ஒரு கோடாக இழுத்து அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது, சரி, இவர் போகட்டும் என்று முடிவு செய்தேன். முடிவு செய்த பிறகு நான் மாறுகிறவள் இல்லை.

"அக்கம்பக்கத்துல கேட்டா என்னம்மா சொல்றது?" என்று மகள் முனகினாள்.

"கேக்கறவங்களை என்கிட்ட அனுப்பு."

பேக்கரி முதலாளியம்மா எதையும் எடைபோட்டுப் பேசுகிறவள். கேக் அலங்காரம் செய்யும் அந்தப் பெண்ணைக் கடையில் குட்டி மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். வயசு இருபத்துநாலு, உயரம் மாப்பிள்ளையின் மார்பளவு. அவள் புருஷனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. மூன்று மாதத்தில் அவளும் கிளம்புகிறாள். இடம் காலியாகப் போகிறது.

"கத்துக்கோ தம்பி. ஆனா இடம் உனக்குத்தான்னு நான் சொல்லல. கை வந்தா பார்க்கலாம்" என்றாள் முதலாளியம்மா.

வேலை மேசை குட்டி மாஸ்டரின் உயரத்துக்குச் செய்தது. மாப்பிள்ளை அதில் வேலை செய்ய வேண்டுமானால் பாதியாக மடிய வேண்டும். முதல் நாளே மேசையை உயர்த்த முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

"நீ நிக்கப் போறியா, ஓடப் போறியான்னே தெரியல. அதுக்குள்ள மேசையா?" என்று முதலாளியம்மா உள்ளே போய்விட்டாளாம்.

மடிந்தே நின்று கற்றுக்கொண்டார்.

முதல் நாள், பூப் பிழிகிற பையில் கிரீமை வாய்வரைக்கும் நிரப்பிவிட்டார். மேல் பக்கத்தை முறுக்கிப் பிடிக்கவும் இல்லை. அழுத்தியதும் கீழே நாசில் முனை வழியாக ஒரு சொட்டு வந்தது, மேல் வழியாக முழங்கை வரைக்கும் வந்தது. இரண்டாம் நாள் ஐசிங் சர்க்கரையைச் சலிக்கும்போது கிளம்பிய வெள்ளைத் தூளில் இருமி இருமிக் கண் சிவந்துபோனார். அன்றிலிருந்து பட்டறை முகமூடியைக் கட்டிக்கொண்டுதான் சலித்தார். கேக் வாங்க வந்த ஒரு குழந்தை கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துவிட்டுத் திருடன் என்று அழுததாம். மூன்றாம் நாள் பிளாஸ்டிக் பை அவர் பிடியில் வெடித்தது. நான் கெட்டித் துணியில் ஒரு பை தைத்துக் கொடுத்தேன். முதல் பையில் தையல் வழியாக வெண்ணெய் கசிந்தது. இரட்டைத் தையல் போட்டு இன்னொன்று தைத்தேன், அது நின்றது.

இவை எல்லாம் யாருக்கும் வருகிற தப்புகள். அவருக்கு மட்டுமே வந்த தப்பு ஒன்று இருந்தது.

கேக்கின் ஓரத்தில் சிப்பி சிப்பியாக ஒரு வரிசை வைப்பார்கள். பையை அழுத்தினால் கிரீம் உப்பும், கொஞ்சம் இழுத்தால் வால்போல் மெலியும், அந்த வாலின் மேல் அடுத்த சிப்பி உட்காரும். மாப்பிள்ளையின் சிப்பிகள் வரிசை பிசகாமல் வந்தன. ஆனால் ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கட்டி, அந்தக் கட்டியின் மேல் ஒரு கொம்பு. ரோஜா போட்டாலும் அப்படித்தான். ஒவ்வொரு இதழின் முனையிலும் ஒரு குண்டு முடிச்சு. பத்து நாள், இருபது நாள், அது போகவே இல்லை.

குட்டி மாஸ்டர் ஒருநாள் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணே, கடைசியில ஏன் ஒரு நொடி நிக்கிறீங்க?"

"குழி விழக்கூடாதுல்ல?"

"எந்தக் குழி?"

அவர் விளக்கினார். இரும்பைப் பற்றவைக்கும்போது கோடு முடிகிற இடத்தில் சட்டென்று கையை எடுத்தால் அங்கே ஒரு பள்ளம் விழும். ஆறும்போது அந்தப் பள்ளத்தில்தான் விரிசல் விடும். அதனால் முடிவில் ஒரு கணம் நின்று, பள்ளத்தை நிரப்பிவிட்டுத்தான் கையைத் தூக்க வேண்டும். இருபத்தாறு வருஷப் பழக்கம்.

குட்டி மாஸ்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள், "இது ஆறினா விரிசல் விடாதுண்ணே. அதுக்குள்ள தின்னுடுவாங்க."

அவரே வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தார். எக்ஸ்ரே பார்த்த நாளுக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆனால் காரணம் தெரிந்துவிட்டதால் கை கேட்டுவிடுமா? "அழுத்தறதை நிறுத்துங்க, அப்புறம் தூக்குங்க" என்று அந்தப் பெண் ஆயிரம் தடவை சொன்னாள். இவர் கை தூக்கிவிட்டுத்தான் நிறுத்தியது. இன்னொரு கஷ்டமும் இருந்தது. "பட்டறையில சத்தம் சொல்லிடும் அத்தை. கோடு சரியாப் போனா எண்ணெய் பொரியிற மாதிரி ஒரே சீரா கேக்கும். சத்தம் மாறினா கை தானா மாறும். இது ஊமை. ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது."

"ஊமையா இருந்தா நான் பேசறேன்" என்றேன்.

அன்றிலிருந்து கடை விடுமுறை நாட்களில் சமையலறைத் தரையில் சப்பணமிட்டு உட்காருவார். ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தைக் குப்புறக் கவிழ்த்து அதன் மேல் சிப்பி வைப்பார். தாம்பாளம் நிறைந்ததும் வழித்துக் கிண்ணத்தில் போட்டு மறுபடி வைப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சிப்பிக்கும் "நிறுத்து!" என்பேன். மரியாதையெல்லாம் பார்க்க நேரமில்லை. மாப்பிள்ளையை நீ, வா, போ என்று நான் பேசியது அந்த ஒரு வார்த்தையில் மட்டும்தான். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்னம்மா, மருமகனை இப்படி மிரட்டுறீங்க?" என்றாள். "பூப்போடக் கத்துக்கிறாரு. உனக்கும் ஒண்ணு வேணுமா?" என்றேன். ஜன்னலை மூடிக்கொண்டாள்.

ஒன்றரை மாதம் ஆனபோது சிப்பியில் கட்டி போயிற்று. ரோஜாவில் போகவில்லை.

ரோஜாவைக் கேக்கின் மேல் நேராகப் போடுவதில்லை. ஒரு நீள ஆணி, அதன் தலையில் காசளவு வட்டத் தகடு. ஆணியை இடது கை விரல்களில் சுழற்றிக்கொண்டே வலது கையால் தகட்டின் மேல் இதழ் வைக்க வேண்டும். நடுவில் மொட்டு, அதைச் சுற்றி மூன்று இதழ், பிறகு ஐந்து, பிறகு ஏழு. கடையில் இருந்த ஆணி அவர் விரலுக்குப் போதவில்லை. பெரிதாக ஒன்று பற்றவைத்துத் தரச் சொல்லிச் சம்மட்டியிடம் போனார். பட்டறை முழுவதும் அன்றைக்கு அதே பேச்சு. சம்மட்டி ஆணியைக் கொடுக்கும்போது, "இந்தாங்க ரோஜா மேடம்" என்று குனிந்து வணக்கம் வைத்தானாம். ஆணியைச் சுழற்றிப் பார்த்தால் தகடு கோணல். மாப்பிள்ளை அதையே வாங்கி வந்தார். கோணல் ஆணியிலேயே பழகினார்.

மேஸ்திரி ஓய்வு பெறும் வாரம் வந்தது. சம்மட்டி பட்டறை ஆட்களிடம் பணம் திரட்டிக்கொண்டு பேக்கரிக்கு வந்து, என் மகள் நிற்கிற கவுன்ட்டரில் இரண்டு கையையும் ஊன்றினான்.

"மேஸ்திரிக்கு கேக் வேணும்மா. நாற்பது வருஷ சர்வீஸ், நாற்பது ரோஜா. ஒண்ணு குறையக்கூடாது. உன் புருஷன்தான் போடணும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கஷ்டமா இருந்தா ஒரு வெல்டிங் ஹெல்மெட்டு, ஒரு சுத்தி, அப்படி ஏதாவது வரைஞ்சு விடச் சொல்லு. அது அவனுக்கு வரும்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த முதலாளியம்மா மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள். "இந்த கேக்தான் உனக்குக் கணக்கு, தம்பி. நீ தனியாப் பண்ணு. ஒரு குறை சொல்லாம அவங்க வெட்டினா மேசை உன்னுது. குறை வந்தா அந்த கேட்டு வேலைக்கே போயிடு. மனசுல வச்சுக்காதே."

வீட்டில் மகளும் ஹெல்மெட் பக்கமே சாய்ந்தாள். "அவங்களுக்கும் சந்தோஷமா இருக்கும், உங்களுக்கும் சுலபம். எதுக்குங்க வம்பு?"

"ஹெல்மெட் போட்டா எல்லாரும் கைதட்டுவாங்க" என்றார் மாப்பிள்ளை. "பாவம், பழைய வேலையை மறக்கலன்னு சொல்லுவாங்க. அந்தப் பாவம் எனக்கு வேணாம். நாற்பது ரோஜா கேட்டாங்க, நாற்பது ரோஜா."

"அப்படிச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்றேன் நான். மகள் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே இரும்பு" என்று எழுந்து போனாள்.

இரண்டு நாள் ரோஜா போட்டார். ஒவ்வொன்றையும் சதுரத் தாளில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தார். அறுபத்தெட்டு போட்டு நாற்பதைப் பொறுக்கினார். குட்டி மாஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள். தொட மாட்டேன் என்று முதலாளியம்மாவிடம் சத்தியம் செய்திருந்தாளாம்.

பட்டறைக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். கடை வண்டியில் கேக்கோடு நானும் ஏறினேன். வீட்டிலேயே இருங்களேன் என்று மகள் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. மாப்பிள்ளை கடை ஏப்ரனைக் கழற்றாமல் வந்தார். கழற்றிடுங்க என்று அவள் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. அவர் மடியில் ஒரு சின்ன ஐஸ் பெட்டி. அதில் நான் தைத்த பை, கொஞ்சம் கிரீம், கோணல் ஆணி, ஒரு தட்டைக் கத்தி. வழியில் ஏதாவது நசுங்கினால் சரிசெய்யத்தான்.

இயந்திரங்களை எல்லாம் நிறுத்தியிருந்தார்கள். நாற்பது ஐம்பது ஆண்கள், எண்ணெய் படிந்த உடையோடு. மூடியைத் திறந்ததும் ஒருவன் விசில் அடித்தான். இன்னொருவன், "டேய், மோந்து பாருடா, வாசனை வருதா?" என்றான். சிரிப்பு கிளம்பியது. சம்மட்டி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எல்லாப் பூவும் கொஞ்சம் சாஞ்ச மாதிரி இல்ல?" என்றான்.

"பூ நேராத்தான் இருக்கு" என்றார் மாப்பிள்ளை. "ஆணிதான் கோணல். பத்தவச்சது நீ."

அந்தச் சிரிப்பு அப்படியே திரும்பிச் சம்மட்டி மேல் விழுந்தது. அவனும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நாற்பது வருஷமாகப் பற்றவைத்த கோடுகளைப் பார்த்துப் பழகிய கண், கேக்கையும் அப்படியே ஒரு முனையிலிருந்து பார்க்க ஆரம்பித்தது. ஓரத்துச் சிப்பி வரிசையைச் சுற்றி வந்தார். தலையை ஆட்டினார். பிறகு ரோஜாக்கள், ஒன்று, இரண்டு, பத்து, இருபது. கீழ் வரிசையில் ஒரு ரோஜாவின் அருகே அவர் விரல் நின்றது.

"இங்க கட்டி விட்டிருக்க."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். வெளி இதழ் ஒன்றின் முனையில், மிளகளவு முடிச்சு. அதே பழைய முடிச்சு. என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முதலாளியம்மா சொன்னது எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

"ஒண்ணுதானே மேஸ்திரி, விடுங்க, வெட்டிடலாம்" என்றான் சம்மட்டி. கேலியாக இல்லை, காப்பாற்றுகிற குரலில் சொன்னான்.

"வெட்டாதீங்க" என்றார் மாப்பிள்ளை.

ஐஸ் பெட்டியைத் திறந்தார். தட்டைக் கத்தியால் அந்த ரோஜாவை அடியோடு தூக்கிச் சம்மட்டியின் உள்ளங்கையில் வைத்தார். பிறகு பையை எடுத்து மேல் பக்கம் முறுக்கிப் பிடித்தார். இடது கையில் ஆணி. அந்த மேசை பட்டறை மேசை, அவர் உயரத்துக்கு இருந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து நின்று போட்டார்.

மொட்டு வந்தது. மூன்று இதழ். ஐந்து. ஆணி கோணலாகச் சுழன்றது, கை அந்தக் கோணலுக்கு ஏற்ப மேலும் கீழும் போய்வந்தது. அவருக்கு உதவிக்குச் சத்தமும் இல்லை, ஊமை வேலை. கடைசி இதழ் முடிகிற இடத்துக்கு வந்ததும் என்னை அறியாமல் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"நிறுத்து!"

"நிறுத்திட்டேன் அத்தை" என்றார், திரும்பாமலே. பிறகுதான் தூக்கினார்.

முனை சுத்தமாக இருந்தது. ரோஜாவைக் கத்தியால் எடுத்துக் காலி இடத்தில் வைத்தார். மேஸ்திரி மறுபடி குனிந்து பார்த்தார். "ம்" என்றார். அந்த 'ம்' வாங்குவதற்கு அங்கே சில பேர் பத்து வருஷம் காத்திருந்திருக்கிறார்கள் என்று பிறகு சம்மட்டி சொன்னான்.

"கேட்டு வேலைக்கு வேற ஆளைப் பாருங்க மேஸ்திரி" என்றார் மாப்பிள்ளை.

"நான்தான் வரலாம்னு இருக்கேன். நாளையிலிருந்து எனக்கும் வேலை இல்லையே" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி கேக்கை வெட்டினார்.

கடைக்குத் திரும்பியதும் முதலாளியம்மா கேட்டாள், "குறை சொன்னாங்களா?"

என் மகள் பின்னாலிருந்து அவர் சட்டையை இழுத்தாள். அவர் மறைக்கவில்லை. "சொன்னாங்கம்மா. மேஸ்திரி. ஒரு பூவுல கட்டி. அங்கேயே எடுத்துட்டு வேற போட்டேன்."

"அங்கேயா? அத்தனை பேர் முன்னாடியா?"

"ஆமா."

முதலாளியம்மா கணக்கு நோட்டைப் புரட்டினாள். எனக்குப் பொறுக்கவில்லை. "குறை வந்தா போன்னு சொன்னீங்க. குறையைச் சரிபண்ணிட்டு வந்தா என்னன்னு நீங்க சொல்லவே இல்லையே?"

"அம்மா, நீங்க கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?"

"இருக்கேன். பதில் சொல்லுங்க, இருக்கேன்."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை மாப்பிள்ளை கடைக்குப் போனபோது ஒரு தச்சர் தரையில் மண்டியிட்டு, வேலை மேசையின் நான்கு கால்களுக்கும் அடியில் ஒரு சாண் உயரக் கட்டை கொடுத்துக்கொண்டிருந்தார். குட்டி மாஸ்டருக்கு அன்று கடைசி நாள். மேசை அவள் நெஞ்சுவரை வந்துவிட்டது.

"இன்னிக்கு ஒரு நாள் பொறுக்க முடியலையாம்மா உங்களுக்கு?" என்று முதலாளியம்மாவைக் கேட்டிருக்கிறாள்.

"ஸ்டூல் போட்டு ஏறி நில்லு. அந்தத் தம்பி மூணு மாசம் குனிஞ்சிருக்கான்."

பட்டறையில் இப்போது மாப்பிள்ளைக்கு ரோஜா என்று பேர். கூப்பிட்டால் நேர்கோடுக்குத் திரும்புகிற மாதிரியே திரும்புகிறார். சம்மட்டி வேறு ஆணி பற்றவைத்துக் கொண்டுவந்து கொடுத்தான், தகட்டில் துளியும் கோணல் இல்லை. அது அலமாரியில் கிடக்கிறது. கோணல் ஆணியில்தான் இன்னும் போடுகிறார். மாற்றுங்களேன் என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

"பழகிடுச்சு அத்தை" என்கிறார். அவருக்கும் பிடிவாதம் அதிகம். எங்கிருந்து ஒட்டிக்கொண்டதோ, எனக்குத் தெரியாது.